மொட்டை மாடியில் ஒரு கம்பி



போன வாரம் பேரன் பிறந்தநாள் படங்களைப் போட்டிருந்தேன். பேரனைப் பற்றி விசாரித்தவர்களைவிட அவன் தலைக்குமேல் தெரிந்த கம்பியைப் பற்றி விசாரித்தவர்களே அதிகம். "சார், துணி காயப்போடற கொடி எதுக்கு அவ்ளோ உயரத்துல?" என்று 98ஆம் வருடத்துப் பிளஸ் டூ பையன் ஒருவன். "மாமா, செல்போன் டவருக்கு மாடியை வாடகைக்கு விட்டுட்டீங்களா?" என்று திண்டிவனத்து மருமகன். ஆளுக்கு ஒரு பதில் எழுதுவதைவிட எல்லோருக்கும் சேர்த்து ஒரே பாடமாக நடத்திவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளம்தான். பாதியில் மணி அடிக்காது, பொறுமையாகப் படியுங்கள்.

அது கொடியும் இல்லை, டவரும் இல்லை. ஹாம் ரேடியோவுக்கான டைபோல் ஆன்டெனா. வீட்டு வயரிங்குக்குக் கடையில் வாங்கும் சாதாரணச் செப்புக் கம்பிதான். நடுவில் வெட்டி இரண்டு கைகளாக விரித்து, வெட்டிய இடத்தில் ஒரு கேபிளை இணைத்துக் கீழே அறைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். 1880களில் ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் முதன்முதலாக ரேடியோ அலையை உண்டாக்கிக் காட்டியதும் இப்படி நடுவில் இடைவெளி விட்ட இரண்டு கைகளை வைத்துத்தான். நூற்று முப்பது ஆண்டு கடந்தும் இதைவிட எளிமையான, இதைவிட நம்பகமான ஆன்டெனா வரவில்லை.

நம் ஊர்ப்பக்கத்துக்கும் இதில் பழைய உறவு உண்டு. சென்னையில் கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் என்று தொடங்கி, 1924 ஜூலை 31 முதல் ஒலிபரப்பினார்கள். அகில இந்திய வானொலி என்ற பெயர் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்னால். பணமில்லாமல் 1927இல் அது நின்றுபோனது. அவர்களுடைய கருவியைச் சென்னை மாநகராட்சி வாங்கிக்கொண்டு, 1930 ஏப்ரல் 1 முதல் மறுபடி ஒலிபரப்பியது. எல்லாம் ஆர்வத்துக்காகக் கம்பி கட்டியவர்கள் போட்ட விதை.

சரி, பணி ஓய்வு பெற்ற இயற்பியல் வாத்தியாருக்கு இந்த வேலை எதற்கு? உறவுக்காரர்கள் பலருக்குக் காரணம் தெரியும். மாணவர்களுக்கு இதுவரை சொன்னதில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அந்த நாளை நம் கடற்கரையில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கி, மணலுக்குள் கிடந்த சிற்பப் பாறைகள் வெளியே தெரிந்ததைப் பிறகு எல்லோரும் ஆச்சரியமாகப் பேசினார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு எதுவும் காதில் விழவில்லை. என் தங்கையும் மச்சானும் அவர்கள் பெண்ணும் அப்போது போர்ட் பிளேரில் இருந்தார்கள். தொலைபேசி அடித்தால் மணிச்சத்தம்கூடக் கேட்கவில்லை. அப்பாவுக்கு அப்போது எண்பது வயது. நாற்காலியைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர், சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. தட்டை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தோம். திங்கள் போனது, செவ்வாய் போனது, புதனும் போனது.

வியாழக்கிழமை காலை மணி அடித்தது. தங்கை இல்லை. தாம்பரத்திலிருந்து முன்பின் தெரியாத ஒருவர். "ஐயா, உங்கள் மகள் வீட்டிலிருந்து செய்தி. மூவரும் நலம். வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. சாப்பாட்டுக்குக் குறையில்லை." அவ்வளவுதான். அப்பா நம்பவில்லை. "யார் சொன்னது? நீங்க காதால கேட்டீங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த மனிதர் கோபப்படவில்லை. "ரேடியோவில் கேட்டேன் ஐயா. பெயரையும் உங்கள் நம்பரையும் எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதினேன். எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டி, சரி என்று அவர்கள் சொன்ன பிறகுதான் உங்களைக் கூப்பிட்டேன்" என்றார். அதற்குப் பிறகுதான் அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார்.

எப்படி வந்தது அந்தச் செய்தி? அந்த டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி தலைமையில் ஹாம் குழு ஒன்று அந்தமானுக்குப் போயிருந்தது. அவருடைய அழைப்புக்குறி வி.யு.2 ஆர்.பி.ஐ. அந்தமானிலிருந்து ஹாம் ஒலி வந்து பல ஆண்டுகள் ஆகியிருந்ததால், வி.யு.4 ஆர்.பி.ஐ. என்ற குறியோடு அவர் பேச, உலகம் முழுக்க ஹாம்கள் வரிசையில் நின்றார்கள். பொழுதுபோக்காகப் போன பயணம் அது. ஞாயிறு காலை நிலம் ஆடியது. தொலைபேசி போனது. தீவை வெளியுலகத்தோடு சேர்த்த வழிகளில் அந்தக் குழுவின் கருவிகளும் கம்பிகளும் முக்கியமானவை ஆகிவிட்டன. கார் நிக்கோபாருக்கும் ஒரு நிலையத்தைக் கொண்டுபோனார்கள். அரசுச் செய்திகளுக்கு நடுவே, "நாங்கள் உயிரோடு இருக்கிறோம்" என்று ஊருக்குச் சொல்லத் துடித்த சாதாரணக் குடும்பங்களின் செய்திகளையும் அனுப்பினார்கள். தாம்பரத்து மனிதரைப் போல இந்தப் பக்கம் காது கொடுத்துக் காத்திருந்தவர்கள் அவற்றை வீடு வீடாகச் சேர்த்தார்கள்.

நான் தேர்வு எழுதி உரிமம் வாங்கியது 2007இல். நாற்பத்தொன்பது வயதில் மோர்ஸ் தந்திக்குறி படித்தேன். ரிவிஷன் டெஸ்ட்டுக்கு உங்களை விரட்டிய மனிதனை அப்போது என் பெண் விரட்டினாள்.

இனி பாடத்துக்கு வருவோம்.

பிளஸ் ஒன் ஆய்வகத்தில் ஒத்ததிர்வுத் தம்பம் செய்தோமே, நினைவிருக்கிறதா? இசைக்கவையைத் தட்டிக் குழாயின் வாயில் பிடித்து, தண்ணீர் மட்டத்தை ஏற்றி இறக்கினால், குறிப்பிட்ட நீளங்களில் மட்டும் குழாய் 'ஓம்' என்று பாடும். ஒரு விரற்கடை மேலே போனாலும் கீழே போனாலும் சத்தம் அடங்கிவிடும். ஆன்டெனாவும் அதே கதைதான். இசைக்கவைக்குப் பதில் டிரான்ஸ்மிட்டர், காற்றுத் தம்பத்துக்குப் பதில் கம்பி.

கணக்கு இது. ஒளியின் வேகத்தில் போகும் அலைக்கு, 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். நம் நாட்டில் ஹாம்களுக்கு 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை ஓர் அலைவரிசை உண்டு. நடுவில் 7.1ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அலைநீளம் 42.25 மீட்டர். டைபோலுக்கு அதில் பாதி, 21.13 மீட்டர். ஆனால் நடைமுறையில் 20.07 மீட்டர் போதும், அதாவது ஏறக்குறைய ஐந்து விழுக்காடு குறைவு. ஏன்? ஒத்ததிர்வுத் தம்பத்தில் முனைத்திருத்தம் என்று ஒன்று போட்டோமே. காற்று குழாயின் வாயோடு நிற்காமல் சற்று வெளியேயும் அதிர்வதால், கணக்கில் வரும் நீளத்தைவிடக் குழாய் குறைவாக இருக்கும். கம்பியின் முனையிலும் மின்புலம் கம்பியோடு நின்றுவிடுவதில்லை. சற்று வெளியே தள்ளியும் பரவுகிறது. அதனால் கம்பியும் குறைவாக இருந்தால் போதும். "இதெல்லாம் வாழ்க்கையில எங்க சார் வரும்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து கேட்டவன் இப்போது துபாயில் இருக்கிறான். தம்பி, இதோ வந்துவிட்டது.

இன்னொன்று. கயிற்றின் இரு முனைகளையும் கட்டி ஆட்டினால் முனையில் கணு, நடுவில் எதிர்க்கணு. டைபோலில் மின்னோட்டம் அப்படித்தான்: நடுவில் அதிகம், முனையில் சுழி. மின்னழுத்தம் நேர் எதிர்: முனையில்தான் உச்சம். அதனால்தான் கம்பியின் முனையை மரத்தில் நேரடியாகக் கட்டாமல் பி.வி.சி. துண்டில் கட்டி, அதிலிருந்து நைலான் கயிறு போகிறது. குழந்தைகள் கைக்கு எட்டும் உயரத்தில் முனை இருக்கவே கூடாது.

நடுவில் கேபிள் சேரும் இடத்தில் மின் எதிர்ப்பு எவ்வளவு என்பது அடுத்த கேள்வி. வெட்டவெளியில் நேராக நீட்டிய டைபோலுக்கு ஏறக்குறைய 73 ஓம். எங்கள் மாடியில் இருப்பதுபோல நடுவை உயர்த்தி இரு கைகளையும் தலைகீழ் 'வி' போலத் தாழ்த்தினால் அது 50 ஓமை நெருங்கும். ரேடியோவும் அதன் கேபிளும் 50 ஓமுக்குச் செய்யப்பட்டவை. இரண்டும் பொருந்தினால் அனுப்பும் திறன் முழுக்கக் கம்பிக்குள் போகும். பொருந்தாவிட்டால் ஒரு பகுதி திரும்பி வரும். எவ்வளவு திரும்புகிறது என்பதைக் காட்டும் எண்ணுக்கு எஸ்.டபிள்யூ.ஆர். என்று பெயர். ஒன்றுக்கு ஒன்று என்றால் எதுவும் திரும்பவில்லை. ஒன்றரை என்றால் நூற்றில் நான்கு பங்கு திரும்புகிறது. இரண்டு என்றால் பதினொன்று. மூன்று என்றால் இருபத்தைந்து. ஒன்றரைக்குள் வந்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

இப்போது ட்யூன் செய்வது. ஒரே விதி: முதலில் நீளமாக விடு. உங்கள் அம்மா பள்ளிப் பாவாடையைக் கீழே மூன்று மடிப்பு வைத்துத் தைத்தாரே, அதே புத்தி. மடித்ததைப் பிரிக்கலாம், வெட்டியதை ஒட்ட முடியாது. கம்பியையும் வெட்டாமல் முனையில் மடித்து, தன்மேலேயே முறுக்கிவிட வேண்டும். கணக்கு சரியான பிறகு வெட்டிக்கொள்ளலாம். வெட்டாமலே விட்டாலும் குடி முழுகாது.

எங்கள் மாடியில் ஒவ்வொரு கையையும் 10.30 மீட்டர் விட்டுத் தொடங்கினேன். மொத்தம் 20.60. அளக்கும் கருவி இப்போது செல்போன் அளவில் நானோ வி.என்.ஏ. என்று வருகிறது. அதில் பார்த்தால் பள்ளம் 6.70 மெகாஹெர்ட்ஸில் விழுந்தது. சூத்திரத்தின்படி இதைவிட மேலே விழ வேண்டும். கம்பியைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறை அலையைக் கொஞ்சம் தாமதப்படுத்துகிறது; தரையும் சுவரும் பக்கத்தில் இருக்கின்றன. சூத்திரம் வாசல்வரை கொண்டுவந்து விடும். உள்ளே நாம்தான் போக வேண்டும். நீளமும் அதிர்வெண்ணும் எதிர் விகிதம், ஆகவே 20.60ஐ 6.70ஆல் பெருக்கி 7.10ஆல் வகுத்தேன். 19.44 வந்தது. ஒரு கைக்கு 9.72. அதாவது பக்கத்துக்கு 58 சென்டிமீட்டர் குறைய வேண்டும்.

ஒரே மூச்சில் 58ஐயும் மடிக்கக் கூடாது. ஐம்பது மடித்தேன். பள்ளம் 7.04க்கு வந்தது. பிறகு எட்டு. 7.10. பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் மடித்தால் ஏறக்குறைய 7 கிலோஹெர்ட்ஸ் நகர்கிறது என்பது கைக்குப் பிடிபட்டுவிட்டது. இரண்டு பக்கமும் சமமாக மடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கம்பியை இறக்கி, மடித்து, ஏற்றி, தள்ளி நின்று அளக்க வேண்டும். கையில் பிடித்துக்கொண்டு அளந்தால் உங்கள் உடம்பும் ஆன்டெனாவில் சேர்ந்துவிடும். மாடிப்படி ஏறி இறங்கியதில் எனக்குச் சர்க்கரை அளவு குறைந்தது என்று வீட்டம்மா சொல்கிறார். அதற்கு நான் சூத்திரம் கண்டுபிடிக்கவில்லை.

கேபிளைக் கம்பியோடு சேர்க்கும் இடத்தில், அந்தக் கேபிளையே ஒரு குழாயில் எட்டு, பத்து சுற்று சுற்றிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் மின்னோட்டத்தில் ஒரு பகுதி கேபிளின் வெளிப்புறம் வழியாகக் கீழே இறங்கி, வீட்டுக்குள் வரும். டி.வி.யில் இரைச்சல், மைக்கைத் தொட்டால் சுருக்கென்று ஒரு கடி, எல்லாம் அதனால்தான்.

இதுவரை செங்கல்பட்டு. இனி கடற்கரைக்குப் போவோம், ஏனென்றால் நான் சொல்ல வந்ததன் உயிர் அங்கேதான் இருக்கிறது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம். அங்கிருந்து என்னிடம் படிக்க வந்த பையன் ஒருவன். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அவன் வகுப்புத் தோழர்களுக்கு எப்படியும் தெரியும். சுனாமி வந்தபோது அவனுக்கு வயது ஒன்பது. அவன் குடும்பத்தில் என்ன போனது என்பதை அவன் சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது. ஐ.டி.ஐ. முடித்து இப்போது படகு எஞ்சின் பழுது பார்க்கிறான். 2019இல் ஒருநாள் வீட்டுக்கு வந்தவன் மாடிக் கம்பியைப் பார்த்து விசாரித்தான். தங்கை கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க குப்பத்துக்கு ஒண்ணு கட்டணும் சார். நான் பரீட்சை எழுதறேன்" என்றான். எழுதினான். முதல் முறை வரவில்லை. இரண்டாம் முறை உரிமம் வாங்கிவிட்டான்.

2021 ஜனவரியில் அவன் வீட்டில் கம்பி கட்டினோம். நடுவுக்கு ஒன்பது மீட்டர் சவுக்குக் கம்பம். ஒரு கையைத் தென்னைக்கு இழுக்க வேண்டும். நான் ஏணி தேடிக்கொண்டிருந்தேன். அவன் அப்பா சிரித்துக்கொண்டே தங்கூசியில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டை முடிந்து ஒரு வீசு வீசினார். மட்டைகளுக்கு நடுவே சரியாகப் போய் அந்தப் பக்கம் இறங்கியது. தங்கூசியில் கயிற்றைக் கட்டி இழுத்தோம், முடிந்தது. நான் போட்ட முடிச்சை அவிழ்த்துவிட்டு அவர் வேறு முடிச்சு போட்டார். "வாத்தியாரே, காத்துக்கு இதுதான் நிக்கும்" என்றார். இன்றுவரை நிற்கிறது.

அங்கே எஸ்.டபிள்யூ.ஆர். 1.4க்கு வந்ததும் நிறுத்திவிட்டோம். பையன், "இன்னும் கொஞ்சம் குறைக்கலாமா சார்?" என்றான். வேண்டாம் என்றேன். அவன் குப்பத்துக்கும் என் மாடிக்கும் நேர்கோட்டில் முப்பது கிலோமீட்டருக்குள்தான். ஆனால் நடுவே திருக்கழுக்குன்றம் மலையும் சிறு குன்றுகளும் உள்ளன. கையடக்க ரேடியோவில் இரைச்சல்தான் வரும். 7 மெகாஹெர்ட்ஸில் தாழ்வாகக் கட்டிய டைபோல் திறனைப் பெரும்பாலும் நேர் மேலே அனுப்புகிறது. அது இருநூற்றைம்பது, முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் அயனி மண்டலத்தில் பட்டுக் குடை விரித்ததுபோல் கீழே இறங்குகிறது. பக்கத்து ஊருக்குப் போக வானம்வரை போய் வருகிறது அலை. மொத்தப் பயணமும் இரண்டு மில்லி நொடி. மலை குறுக்கே நிற்க வழியே இல்லை. ராத்திரியில் மேலே அயனிகள் குறைந்துவிடும். அப்போது பக்கத்து ஊர் கேட்காது, தூரத்து ஊர்கள் கேட்கும். அதற்கு 3.5 மெகாஹெர்ட்ஸும் இரண்டு மடங்கு நீளக் கம்பியும் வேண்டும். ஆகவே எங்கள் நேரம் காலை எட்டு மணி. ஞாயிறுதோறும் பேசினோம்.

2022 செப்டம்பர் வாக்கில் அவன் குரல் மங்கியது. எஸ் 9 அளவில் கேட்டது எஸ் 7க்கு இறங்கிவிட்டது. ஒரு படி என்பது திறனில் நான்கில் ஒரு பங்கு. இரண்டு படி இறங்கினால் பதினாறில் ஒரு பங்குதான் வந்து சேர்கிறது. அவனைக் கேட்டால், "மீட்டர் சூப்பரா இருக்கு சார்! முதல்ல 1.4, இப்போ ஒண்ணுக்கு ஒண்ணு. 7.0லயும் அதான், 7.2லயும் அதான்" என்று சந்தோஷமாகச் சொன்னான்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. யாரும் தொடாமல் ஓர் ஆன்டெனா தானாக நல்லதாகுமா? பஸ் பிடித்துப் போனேன். கம்பத்தை இறக்கி, கேபிள் சேரும் மேல்முனையைச் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தோம். ஒன்றேமுக்கால் வருட வெயிலில் டேப் காய்ந்து வெடித்திருந்தது. கேபிளின் உறையைச் சீவினால் உள்ளே செப்புப் பின்னல் பச்சை பூத்துக் கிடந்தது, கோயில் குத்துவிளக்கை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டதுபோல. கடல் காற்றின் ஈரமும் உப்பும் மீட்டர் மீட்டராக உள்ளே இறங்கியிருந்தன.

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனித்துப் படியுங்கள். கெட்டுப்போன கேபிள், போகும் திறனையும் விழுங்குகிறது, திரும்பி வரும் திறனையும் விழுங்குகிறது. திரும்பி வருவதே இல்லையென்றால் மீட்டர் என்ன காட்டும்? "எல்லாம் மிகச் சரி" என்றுதான் காட்டும். கம்பிக்குப் பதில் ஒரு 50 ஓம் மின்தடையை மாட்டினாலும் மீட்டர் ஒன்றுக்கு ஒன்று காட்டும். அது சூடாகுமே தவிர, ஒரு சொல்கூட வெளியே போகாது. மீட்டர் பொய் சொல்லவில்லை. 'எவ்வளவு திரும்பி வந்தது' என்று கேட்டோம், அதற்குச் சரியாகப் பதில் சொன்னது. 'எவ்வளவு போய்ச் சேர்ந்தது' என்பதை அதனிடம் கேட்கவே முடியாது. அதைச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான்: மறுமுனையில் கேட்கிறவர்.

முப்பத்துநான்கு வருடம் மதிப்பெண் போட்டவன் சொல்கிறேன், நூற்றுக்கு நூறும் அந்த மீட்டர் மாதிரிதான். வகுப்பில் ஒரு கேள்வியும் திரும்பி வராவிட்டால் பாடம் நன்றாகப் போனதாக அர்த்தம் இல்லை. பாதி நேரம் பிள்ளைகள் விழுங்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். தாம்பரத்து மனிதர் எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டி, "சரி" என்று கேட்ட பிறகே எங்களைக் கூப்பிட்டாரே, அதுதான் சேர்ந்ததற்கு அத்தாட்சி.

புதுக் கேபிள் போட்டோம். சேருமிடத்தில் முதலில் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், அதன்மேல் சாதாரண டேப், அதற்கும் மேல் வெயில் படாமல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடினோம். கேபிளைக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு வீட்டுக்குள் எடுத்தோம். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், உள்ளே வராது. மீட்டர் மறுபடி 1.4 காட்டியது. அந்த ஞாயிறு அவன் குரல் எஸ் 9இல் வந்தது. 1.4ஐப் பார்த்து இத்தனை சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

டிசம்பர் வந்தது. மாண்டஸ் புயல் 2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. செங்கல்பட்டிலேயே ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. ஜன்னல் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டது. மின்சாரம் போய்விட்டது. விடிந்ததும் பையனின் செல்போனுக்கு அடித்தேன்; மணியே போகவில்லை. அவன் அம்மா எண், மாமா எண், எதுவும் போகவில்லை. அப்பா உட்கார்ந்திருந்த அதே மாதிரி நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரே வித்தியாசம், எனக்கு முன்னால் ரேடியோ இருந்தது. பக்கத்தில் கார் பேட்டரி இருந்தது.

எட்டு மணிக்கு ஏழு நிமிடம் இருக்கும்போதே அவன் வந்துவிட்டான். "சார், எல்லாரும் நல்லா இருக்கோம். ராத்திரியே ஸ்கூலுக்குப் போயிட்டோம். ரெண்டு போட்டு ஒடைஞ்சிருச்சு, வலை கொஞ்சம் போச்சு. ஆளுக்கு ஒண்ணும் இல்ல." ஒரு கை கம்பி அறுந்து, அதைப் பிடித்துக் கட்டிவிட்டுப் பேசியிருக்கிறான். பிறகு பெயர்களையும் போன் நம்பர்களையும் சொல்ல ஆரம்பித்தான். சென்னையிலும் கல்பாக்கத்திலும் வேலை பார்க்கும் குப்பத்துப் பிள்ளைகள், கட்டிக்கொடுத்த பெண்கள், பதினோரு வீட்டுக்குச் செய்தி. எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதினேன். திருப்பிப் படித்துக் காட்டினேன். "சரி சார், சரி சார்" என்றான். பிறகு, சிக்னல் கிடைத்த இடத்துக்கு என் செல்போனை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஏழாவது வீட்டில் ஒரு பெரியவர், "நீங்க காதால கேட்டீங்களா சாமி?" என்று கேட்டார். "கேட்டேன் ஐயா" என்று சொல்லும்போது தொண்டை கொஞ்சம் அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

அன்று மாலையே பல இடங்களில் செல்போன் வந்துவிட்டது. யார் உயிரையும் நாங்கள் காப்பாற்றவில்லை. பதினோரு வீட்டில் அரைநாள் தவிப்பு குறைந்தது. எனக்கு அது போதும்.

கட்ட நினைப்பவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். உரிமம் இல்லாமல் அனுப்பக் கூடாது. மத்திய அரசு நடத்தும் தேர்வு எழுத வேண்டும், பன்னிரண்டு வயது நிரம்பினால் எழுதலாம். நீங்கள் படித்த பிளஸ் டூ இயற்பியல் பாதிக் கிணற்றைத் தாண்ட வைக்கும். மின்வாரியக் கம்பிக்குப் பக்கத்தில், அது அறுந்தால் இதன்மேல் விழும் இடத்தில், இது அறுந்தால் அதன்மேல் விழும் இடத்தில், எக்காரணம் கொண்டும் கட்டாதீர்கள். இடி மின்னல் நேரத்தில் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். கடற்கரைக்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, மேல்முனையைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள். எஸ்.டபிள்யூ.ஆர். திடீரென்று நல்லதானால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு எங்கள் வீட்டு மாடியறை திறந்திருக்கும். பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், குப்பத்துக் குரலைக் கேட்கலாம். கம்பி கட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அளவு டேப்பும் நோட்டும் கொண்டுவாருங்கள். கட்டிங் பிளேயரை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். முதல் நாள் அதற்கு வேலை இருக்காது.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் சார்,
செங்கல்பட்டு